அத்தியாயம் 6: கருத்தரிக்கும் முன்பே மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள்

நாள் தள்ளிப்போகிறது. மருந்துக்கடையில் வாங்கிவந்த அட்டையில் இரண்டு கோடுகள் விழுகின்றன. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்றிரவு சாப்பிட்ட பிறகு வலிப்பு மாத்திரையைக் கையில் எடுத்தவள் அப்படியே நிற்கிறாள். 'இது உள்ளே இருக்கிற பிள்ளையை என்ன செய்யும்?' யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மாத்திரையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடிவிடுகிறாள்.

வலிப்புள்ள பெண்கள் பலருக்கு இந்த இரவு தெரியும். அவள் கேட்ட கேள்வி மிகச் சரியானது. மாத்திரையை விட்டது ஆபத்தானது. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய நேரமோ ஆறு மாதத்துக்கு முன்பே வந்து போய்விட்டது. வலிப்பு மருந்து குழந்தையைப் பாதிக்காமல் இருக்க எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை கருத்தரிப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியவை. ஏன் அப்படி, எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

இரண்டு பக்கமும் எடை போடுங்கள்

முதலில் மனதில் பதிய வேண்டியது: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடல் முழுவதும் விறைத்து வெட்டும் பெரிய வலிப்பு வரும்போது தாயின் மூச்சு தடைபடுகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அடுப்படியிலோ மாடிப்படியிலோ விழுந்தால் வயிற்றில் அடிபடலாம். மருந்தைச் சட்டென விட்டால் ஒன்றன் பின் ஒன்றாக நிற்காமல் வலிப்பு வரலாம். அது தாயின் உயிரையே பறிக்கக்கூடும்.

மறுபக்கம், வலிப்பு மருந்துகள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைகின்றன. சில மருந்துகள் அதன் உறுப்புகளையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கின்றன. இரண்டும் உண்மை. ஒன்றுக்குப் பயந்து மற்றொன்றில் விழாமல், இரண்டும் குறைவாக உள்ள வழியைத் தேடுவதுதான் நம் வேலை.

அப்படிப்பட்ட வழி பெரும்பாலோருக்கு உண்டு. வலிப்புள்ள தாய்மார்களில் 100க்கு 90 பேருக்கு மேல் ஆரோக்கியமான குழந்தையையே பெற்றெடுக்கிறார்கள். தாய்க்கு இருப்பதாலேயே பிள்ளைக்கும் வலிப்பு வந்துவிடும் என்பதும் சரியல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

எந்தக் காலத்தில் எது உருவாகிறது

கருவின் முதுகுத்தண்டும் மூளையும் தொடக்கத்தில் ஒரு தகடு போல இருந்து, சுருண்டு, குழாயாக மூடிக்கொள்கின்றன. இது கருத்தரித்த 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனிக்கும்போதே அதில் பாதி நாள் கழிந்திருக்கும். இரண்டாம் மாதம் முடிந்து முதல் முறையாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் குழாய் ஒன்று சரியாக மூடியிருக்கும், அல்லது திறந்தே நின்றிருக்கும். திறந்து நின்றால் 'ஸ்பைனா பைஃபிடா' என்னும் முதுகுத்தண்டுக் குறை. இதயம், மேலுதடு, அண்ணம் ஆகியவை முதல் மூன்று மாதங்களில் உருவெடுக்கின்றன.

மூளை வளர்ச்சிக்கு இப்படி ஒரு முடிவு நாள் இல்லை. ஒன்பது மாதமும் அது வளர்கிறது. அதனால்தான் ஐந்தாம் மாத ஸ்கேனில் 'எல்லாம் நார்மல்' என்று வந்தாலும், பேச்சும் படிப்பும் எப்படி அமையும் என்பதை அந்த ஸ்கேன் சொல்லாது. ஸ்கேன் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும். மூளையின் திறன் பிள்ளை வளர வளரத்தான் தெரியும்.

உங்கள் மாத்திரை எது?

'ஃபிட்ஸ் மாத்திரை' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவை ஒன்றுக்கொன்று வெகுதூரம் வேறுபட்டவை. இப்போதே மாத்திரை அட்டையை எடுங்கள். அதில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

பல நாடுகளின் கர்ப்பங்களைத் தொடர்ந்து பதிவு செய்யும் 'யூராப்' பதிவேட்டின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, ஒரே ஒரு வலிப்பு மருந்து மட்டும் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருந்தது என்று கணக்கிட்டது. கீழே உள்ள சதவீதங்கள் அந்தக் கணக்கு. மருந்தே எடுக்காத தாய்மார்களுக்கும் 100க்கு 2 முதல் 3 குழந்தைகளுக்குக் குறை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

- வால்ப்ரோயேட்: 10.3%. டைவால்ப்ரோயெக்ஸ், வால்ப்ரோயிக் ஆசிட் என்று எழுதியிருந்தாலும் இதே மருந்துதான். 'க்ரோனோ', 'சி.ஆர்.' என்பவை மெதுவாகக் கரையும் வகையைக் குறிப்பவை. ஆபத்தில் மாற்றமில்லை.
- ஃபீனோபார்பிடோன்: 6.5%. கார்டினால் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். மலிவானது என்பதால் நம் ஊரில் இன்னும் புழக்கத்தில் உள்ளது. அறிவு வளர்ச்சியைக் குறைக்கக்கூடும் என்பதற்கும் சான்றுகள் உண்டு.
- ஃபெனிடாயின்: 6.4%. எப்டாயின் என்றால் எல்லோருக்கும் தெரியும்.
- கார்பமசெபின்: 5.5%. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும்.
- டோபிரமேட்: 3.9%. உதட்டுப்பிளவும் குறைந்த பிறப்பு எடையும் இதன் முக்கியக் கவலைகள். மூளை வளர்ச்சி பற்றிய கவலையும் எழுந்துள்ளது.
- ஆக்ஸ்கார்பசெபின்: 3.0%.
- லாமோட்ரிஜின்: 2.9%.
- லெவெடிரசிடாம்: 2.8%.

கடைசி இரண்டும் மருந்தில்லாத கர்ப்பத்தின் அளவுக்கு மிக அருகில் நிற்கின்றன. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் எல்லாச் சான்றுகளையும் ஆராய்ந்து, கர்ப்பகாலத்துக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை என்று சொன்னதும் இந்த இரண்டையும்தான்.

க்ளோபசாம் போன்று இங்கே பட்டியலில் இல்லாத மருந்து எடுப்பவர்கள், அதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். இரண்டு மூன்று மருந்துகள் சேர்த்து எடுப்பவர்கள், ஒன்றாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வால்ப்ரோயேட்டோடு இன்னொன்றும் சேரும்போது ஆபத்து மேலும் கூடுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. வால்ப்ரோயேட்டும் டோபிரமேட்டும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படுகின்றன. வால்ப்ரோயேட் மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கும் தரப்படுகிறது. 'எனக்குத்தான் வலிப்பு இல்லையே' என்று இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள்.

வால்ப்ரோயேட் பற்றிக் கொஞ்சம் விரிவாக

வலிப்பை அடக்குவதில் இது வல்லமை வாய்ந்த மருந்து. அதனால்தான் சிக்கலே. விடிகாலையில் கை வெட்டி இழுத்து டம்ளர் நழுவும் பதின்வயதுப் பெண்ணுக்கு இது பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். 15 வயதில் தொடங்குவார்கள். வலிப்பு நின்றுவிடும். எட்டு, பத்து வருடம் அதே சீட்டு தொடரும். நடுவில் கல்யாணம் நடக்கும். மருந்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த 'நீட்' ஆய்வு, வலிப்பு மருந்து எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளை ஆறு வயது வரை பின்தொடர்ந்தது. 2013இல் வெளிவந்த முடிவில், லாமோட்ரிஜின், ஃபெனிடாயின் எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குச் சராசரி ஐ.க்யூ. 108, கார்பமசெபினுக்கு 105, வால்ப்ரோயேட்டுக்கு 97. குறிப்பாகப் பேச்சிலும் நினைவாற்றலிலும் அந்தப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அளவு கூடக் கூடப் பின்னடைவும் கூடியது. அதே ஆண்டு டென்மார்க்கில் 6 லட்சத்து 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஆட்டிசம் வகைக் குறைபாடு வருவதற்கான வாய்ப்பு பொதுவாக 1.5% என்றும், வால்ப்ரோயேட் எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளில் 4.4% என்றும் தெரிந்தது. பேச்சு தாமதம், நடக்கத் தாமதம், கவனக்குறைவு, படிப்பில் சிரமம் எல்லாவற்றையும் சேர்த்தால், 100க்கு 30 முதல் 40 பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வளர்ச்சிச் சிக்கல் இருக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கிறது.

இந்த மருந்து பிரான்சில் 1967இல் விற்பனைக்கு வந்தது. முதுகுத்தண்டுக் குறையோடு உள்ள தொடர்பை லியோன் பகுதி மருத்துவர்கள் 1982இலேயே தெரிவித்தார்கள். மூளை வளர்ச்சி மீதான பாதிப்பு ஐயமறத் தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. தெரிந்த பிறகும் அது தாய்மார்களின் காதுக்கு வந்து சேரவில்லை. பிரிட்டனில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அங்கே 2018 முதல், கருத்தடைத் திட்டத்தில் சேராத, கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் தரக்கூடாது. 2024 முதல், 55 வயதுக்குட்பட்ட ஆண், பெண் யாருக்குமே இதைப் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் அருகிலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்று கேரளப் பதிவேடு நடக்கிறது. கருத்தரிக்கும் முன்பே பெண்களைப் பதிந்து, பிறந்த பிள்ளைகளின் வளர்ச்சியையும் அது பின்தொடர்கிறது. ஆனால் பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இந்தப் பேச்சு விட்டுப்போகலாம். அதை நீங்களே தொடங்குங்கள்.

கருத்தரிக்கும் முன்: ஆறு மாதத் தயாரிப்பு

ஏன் ஆறு மாதம்? லாமோட்ரிஜினைச் சட்டென முழு அளவில் தொடங்க முடியாது. தோலில் கடுமையான தடிப்பு வரக்கூடும் என்பதால் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். பழைய மருந்தை அதே போல மெல்ல இறக்குவார்கள். பிறகு புது மருந்தில் வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று சில மாதம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் கர்ப்பத்துக்குள் அவசரமாகச் செய்வதில்தான் ஆபத்து.

நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. எனக்கு வந்திருப்பது எந்த வகை வலிப்பு? எனக்கு இன்னும் மருந்து தேவையா?
2. இப்போது எடுக்கும் மருந்து கர்ப்பத்துக்கு ஏற்றதா? மாற்ற முடியுமா?
3. மாற்ற முடியாவிட்டால், வலிப்பை அடக்கும் மிகக் குறைந்த அளவு எது?
4. ஃபோலிக் ஆசிட் எத்தனை மில்லிகிராம், எப்போதிருந்து?
5. அதுவரை எந்தக் கருத்தடை எனக்குச் சரிப்படும்?

ஃபோலிக் ஆசிட்டைக் கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. நம் ஊரில் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை தருகிறார்கள். அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீட் ஆய்வில், கருத்தரித்த காலத்தில் இதை எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குச் சராசரி ஐ.க்யூ. 108, எடுக்காதவர்களின் பிள்ளைகளுக்கு 101. ஆனால் ஃபோலிக் ஆசிட் எடுப்பதால் வால்ப்ரோயேட்டின் ஆபத்து நீங்கிவிடாது.

ஐந்தாவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். கருத்தடை மாத்திரையோ லாமோட்ரிஜினின் அளவை ரத்தத்தில் குறைத்து வலிப்பை வரவழைக்கலாம். காப்பர்-டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கணவர் வால்ப்ரோயேட் எடுப்பவராக இருந்தாலும் சொல்லுங்கள். கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் தந்தை அதை எடுத்திருந்தால் பிள்ளையின் வளர்ச்சிச் சிக்கல் சற்றுக் கூடலாம் என்று ஐரோப்பிய முகமை 2024இல் முன்னெச்சரிக்கை தந்தது. ஆபத்து உறுதியாக நிறுவப்படவில்லை. அவரும் தானாக நிறுத்தக்கூடாது; மருத்துவரிடம் பேச வேண்டும்.

மறைத்து விழுங்கும் மாத்திரை

இத்தனை தயாரிப்புக்கும் குறுக்கே நிற்பது ரகசியம். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் நடக்கிறது. புகுந்த வீட்டில் அவள் மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குகிறாள். சில நாள் விழுங்க முடிவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் காரணம் சொல்ல முடியாதவளால் ஆறு மாதம் முன்பே மருந்து மாற்றிக்கொள்ள முடியாது. விலை கொடுப்பது அவளும் பிள்ளையும்.

இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காலத்தில் வலிப்பு திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கிவிட்டது. பெற்றோர்களே, பேச்சு முடியும் முன்பே சொல்லிவிடுங்கள். மாமியார்மார்களே, மருமகளின் மாத்திரை டப்பா சமையலறை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். நேரம் தவறினால் 'மாத்திரை போட்டியாம்மா?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பேரப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

ஏற்கெனவே கருத்தரித்துவிட்டீர்களா?

பதற வேண்டாம். இன்றைய மாத்திரையை இன்று போடுங்கள். நாளையே, முடியாவிட்டால் இந்த வாரத்துக்குள், உங்கள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வால்ப்ரோயேட்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம். மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, தொடர்வதா என்பதை உங்கள் வலிப்பின் வகையைப் பார்த்து அவர் முடிவு செய்வார். மகப்பேறு மருத்துவரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லித் தாய்-சேய் அட்டையில் எழுதிவாங்குங்கள்.

கர்ப்ப மாதங்களில்

- அளவு மாறும். கர்ப்பத்தில் உடல் லாமோட்ரிஜினை மிக வேகமாக வெளியேற்றுகிறது. லெவெடிரசிடாமும் குறையும். அதனால் அளவைக் கூட்ட நேரிடலாம். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கர்ப்பிணிகளில் 74 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது அளவு மாற்றப்பட்டது. அப்படிக் கவனித்ததில், கர்ப்பமில்லாத பெண்களைவிட அவர்களுக்கு வலிப்பு கூடவில்லை. 'மாத்திரை கூட்டுகிறார்களே' என்று அஞ்சாதீர்கள். வசதியிருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.
- மசக்கை. மாத்திரை போட்டவுடன் வாந்தி வந்தால் மறுபடி போடுவதா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.
- ஸ்கேன். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் முதுகுத்தண்டையும் இதயத்தையும் விரிவாகப் பார்க்கும் ஒன்று. இரண்டையும் தவறவிடாதீர்கள்.
- வலிப்பு வந்தால். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ தர வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வரும் வலிப்பு ரத்த அழுத்தத்தால் வரும் கர்ப்பகால ஜன்னியாகவும் இருக்கலாம். 'பழைய ஃபிட்ஸ்தானே' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பிரசவமும் தாய்ப்பாலும்

வலிப்பு இருப்பதாலேயே ஆபரேஷன் தேவையில்லை. பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம் ஆகும். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாத்திரை டப்பாவும் பையில் இருக்கட்டும். பிரசவ அறையிலும் வேளை தவறக்கூடாது. பிறந்ததும் குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேளுங்கள்.

கர்ப்பத்தில் கூட்டிய அளவைப் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் மீண்டும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைசுற்றல், பார்வை இரட்டிப்பு வரும். எப்படிக் குறைப்பது என்ற திட்டத்தை வளைகாப்புக்கு முன்பே எழுதிவாங்கி, தாய் வீட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.

தாய்ப்பால் கொடுங்கள். நீட் ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்டே பால் கொடுத்த தாய்மார்களின் பிள்ளைகள் ஆறு வயதில் நான்கு புள்ளி கூடுதல் ஐ.க்யூ. பெற்றிருந்தார்கள். ஃபீனோபார்பிடோன் எடுப்பவர்கள் மட்டும், குழந்தை அளவுக்கு மீறித் தூங்கி வழிகிறதா, பால் குடிக்கச் சோர்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கம் கெடுவது வலிப்பை இழுத்து வரும். இரவில் ஒரு வேளைப் பாலை முன்கூட்டியே எடுத்துவைத்துப் பாட்டியோ அப்பாவோ கொடுக்கட்டும். குழந்தைக்குத் துணி மாற்றுவதைக் கட்டிலில் வேண்டாம், தரையில் பாய் விரித்துச் செய்யுங்கள். தனியாக இருக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டாதீர்கள்.

பிள்ளையின் வளர்ச்சியைக் கவனியுங்கள்

எந்த மருந்து எடுத்திருந்தாலும் இந்தப் படிகளைக் குறித்துவையுங்கள். வால்ப்ரோயேட் என்றால் இன்னும் கவனமாக:

- 2 மாதம்: முகம் பார்த்துச் சிரிப்பது
- 4 மாதம்: தலை நிற்பது
- 9 மாதம்: பிடிமானமில்லாமல் உட்கார்வது
- 12 மாதம்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது
- 18 மாதம்: தானாக நடப்பது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவது, சில சொற்கள்
- 24 மாதம்: 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்ப்பது

ஏதாவது தாமதமானால் 'அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்' என்று காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்தில், அதாவது டி.இ.ஐ.சி.யில், பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி எல்லாம் கிடைக்கும். அங்கே தாய் எடுத்த மருந்தின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். ஆறு வயது வரை, பள்ளியில் சேர்த்த பிறகும், கவனம் தொடரட்டும்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட பிள்ளையின் தாய்க்கு

இதைப் படிக்கும் சிலர் கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் எடுத்து, பேசத் தாமதித்த பிள்ளையை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் உயிரோடும் நலத்தோடும் இருக்க மருத்துவர் எழுதித் தந்ததை விழுங்கினீர்கள். யாரும் சொல்லாததை நீங்கள் அறிந்திருக்க முடியாது. பிழை உங்களுடையதில்லை. பிள்ளையின் பயிற்சியைத் தொடருங்கள். அடுத்த குழந்தையை நினைப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் தெருவில் இதே மாத்திரை எடுக்கும் இளம்பெண் இருந்தால், அவளுக்குச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்து மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே ஐந்து கேள்விகளையும் எழுதுங்கள். மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வையுங்கள். அடுத்த முறை சீட்டைக் காட்டி மருந்து வாங்கப் போகும்போது அந்தத் தாளையும் சேர்த்து மருத்துவர் மேசையில் வைத்து, 'எனக்குக் குழந்தை வேண்டும், அதற்கு முன் இதைப் பேச வேண்டும்' என்று சொல்லுங்கள். பிறகு, இரண்டு கோடுகள் விழும் அந்த இரவில், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்க வேண்டியிராது. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.